அரைப்புள்ளி அண்ணியும் பேசாத பெட்டியும்

அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரம்மா என் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார், "உங்க மருமகளுக்குப் பேச்சு வராதா?" என்று. அம்மாவுக்கு வந்ததே கோபம். வாசலிலேயே நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்டு அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். வந்தவர் அடுப்படியில் நின்றிருந்த அண்ணியிடம், "ஏம்மா, நீ வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தார். அண்ணி சிரித்தாரே தவிர அதற்கும் பதில் சொல்லவில்லை.

அண்ணி பேசாதவர் அல்ல. கேட்கிற முகம் ஒன்று எதிரில் இருந்தால்தான் பேசுவார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எங்கள் வீட்டில் பெரிய சங்கதி. எங்கள் வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவோம், யாரும் யாரையும் கேட்க மாட்டோம், எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். அண்ணி சாப்பாட்டு மேசையில், "இன்னைக்கு லிஃப்ட்ல ஒரு அம்மா" என்று ஆரம்பிப்பார். அண்ணன் செல்போனைப் பார்ப்பார். அண்ணி அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். அண்ணன் ஒரு செய்தியைப் படித்து, அதற்குப் பதிலும் அனுப்பி, குழம்பை ஊற்றிக்கொண்டு, "ம்?" என்று நிமிர்ந்து பார்த்ததும், "குடையை மறந்துட்டுப் போய்ட்டாங்க" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒரு வார்த்தை கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

நான்தான் 'அரைப்புள்ளி அண்ணி' என்று பெயர் வைத்தேன். வாக்கியம் முடியவில்லை, ஆனால் நிற்கிறது. அண்ணிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. தன் கம்ப்யூட்டர் வேலையில் ஒவ்வொரு வரி முடிவிலும் அரைப்புள்ளிதான் வைப்பாராம்.

அந்த வேலை என்ன என்பது எங்கள் யாருக்கும் வெகுநாள் விளங்கவில்லை. அம்மா ஒருமுறை நேரடியாகவே கேட்டார். "கம்ப்யூட்டர் எழுந்திரிக்கிற வரைக்கும் உள்ள வேலை, அத்தை" என்றார் அண்ணி. அன்றிலிருந்து அம்மா ஊரெல்லாம், "என் மருமக கம்ப்யூட்டரை எழுப்பிவிடுற வேலை பாக்குறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் அதை என்னவாக நினைத்துக்கொண்டார்களோ, தெரியாது. அண்ணியும் திருத்தவில்லை. ஏனென்றால் அது சரிதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடித் துண்டைத் தேய்த்து, சட்டத்துக்குள் உட்காரவைத்து, மூக்கில் ஏற்றிப் பார்க்கும் தொழில். அண்ணியின் கண்ணாடியில் ஒரு திருகு எப்போதும் கழன்றுகொள்ளும். ஒரு மத்தியானம் அதை முடுக்கிக் கொடுக்க அவர் அறைக்குப் போனேன். சமையலறைக்கு அடுத்த சின்ன அறை. மேசையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பலகை ஒன்று, அதிலிருந்து மூன்று வயர், பக்கத்தில் மடிக்கணினி. அதில் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. வேறு ஒன்றுமில்லை. ஒரு படம் உண்டா, ஒரு நிறம் உண்டா! வெறுமனே வம்புக்குத்தான் கேட்டேன்.

"அண்ணி, இதுல என்னதான் பண்றீங்க? நாள் பூரா இருட்டைப் பாத்துக்கிட்டு."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் உண்மையாகவே கேட்கிறேனா என்று பார்த்தார். கையில் திருப்புளியும் வாயில் திருகுமாக என்னால் வேறு எங்கும் போக முடியாது என்று உறுதியானதும் ஆரம்பித்தார்.

"இப்போ இதுக்குக் கரண்ட் கொடுக்கிறேன்னு வச்சுக்க. முதல்ல முழிக்கிறது கெர்னல். அதுதான் உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் தலைவர். மத்த புரோகிராம் எல்லாம் அது எழுப்பினாதான் எழுந்திரிக்கும். ஆனா முழிச்ச நிமிஷத்துல அதுக்கு ஒண்ணுமே தெரியாது, தம்பி. தனக்குத் திரை இருக்கா, பிரிண்டர் இருக்கா, வெறும் வயர் மட்டும்தான் இருக்கா, எதுவும் தெரியாது. ஆனா அப்பவே சொல்றதுக்கு விஷயம் இருக்கும். இவ்வளவு மெமரி இருக்கு, கடிகாரம் ஓடுது, இங்க ஒரு கோளாறு இருக்குன்னு."

"யார்கிட்ட சொல்லும்?"

"யாரும் இல்லையே! அதனால மெமரியில ஒரு மூலையில எழுதி வச்சுக்கும். எழுதிக்கிட்டே, யாராவது இருக்கீங்களான்னு ஒவ்வொரு வாசலா தட்டும். திரைக்கான டிரைவரைக் கேக்கும், இருக்கியா? பிரிண்டர் வயர் மாட்டுற வாசல் ஒண்ணு உண்டு, சீரியல் போர்ட்னு, அதைக் கேக்கும், நீ இருக்கியா? ஒவ்வொண்ணும் தன் தகுதியைச் சொல்லும். நான் செத்துட்டேன், நான் இருக்கேன் ஆனா சுமார்தான், நான் கூடவே பொறந்தவன், இப்படி. உசந்த தகுதி எதுக்கோ அதைத் தேர்ந்தெடுத்து, எந்த வேகத்துல பேசணும்னு அமைச்சு, 'இனி நீதான் என் கன்சோல்'னு சொல்லிடும். கன்சோல்னா அது பேசுற வாய்னு வச்சுக்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எழுதி வச்சதை எல்லாம் முதல் வரியிலிருந்து சொல்லும். வாய் கிடைச்ச நேரத்திலிருந்து இல்ல. முழிச்ச நேரத்திலிருந்து."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறைப்பானேன், உண்மையாகவே சிலிர்த்தது. நான் தினமும் தட்டி எழுப்புகிற செல்போனுக்குள், என் கடைக் கம்ப்யூட்டருக்குள், ஒவ்வொரு காலையும் இப்படி ஒன்று இருட்டில் விழித்து, கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறதா? நான் அந்த நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு, "சனியன், எவ்வளவு நேரம்" என்று திட்டிக்கொண்டல்லவா இருக்கிறேன்! வாயிலிருந்த திருகு எங்கோ விழுந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம்.

தேடும்போதுதான் இன்னொன்றும் சொன்னார். அவர் கம்பெனி ஆஸ்பத்திரி இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. வாய் தேடுகிற அந்தப் பகுதி அண்ணி எழுதியது. முன்பு எங்கோ தூரத்தில் ஒரு பெட்டி நின்றுபோயிற்றாம். நிற்பதற்கு முன்னால் அது சொன்ன கடைசி வரி பாதி வார்த்தையில் அறுந்து கிடந்தது. மறுமுனையில் வாங்கிக்கொண்டிருந்த கருவி அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மிச்சத்தைத் தவறவிட்டிருந்தது. ஏன் நின்றது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அண்ணிக்கு அது பொறுக்கவில்லை.

"அதுக்கப்புறம் ஒரு விதி எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னாடி எதிர்முனையைக் கேக்கணும், தயாரான்னு. தயார் இல்லேன்னா ஒரு வினாடி வரைக்கும் காத்திருந்துட்டுதான் அந்த எழுத்தை அனுப்பணும். ஒரு எழுத்துகூட வீணாகக் கூடாது பாரு."

"உங்களை மாதிரியே ஒண்ணைப் பண்ணி வச்சிருக்கீங்க" என்றேன். மேசைக்கடியிலிருந்து அண்ணி சிரித்தார். திருகும் கிடைத்தது.

பிறகு எனக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அதைப் பற்றி இங்கே நீட்டி முழக்கப்போவதில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், கையில் இரண்டு ஊசி, ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். அதற்கான டயாலிசிஸ் மையம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். ஒரே கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். நான்தான் அங்கே கோமாளி. பக்கத்து நாற்காலிக்காரர்களைச் சிரிக்கவைப்பேன், சிஸ்டரைக் கிண்டல் செய்வேன். வீட்டிலும் அப்படித்தான். அண்ணனிடம் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து, நானே அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். அம்மாவிடம் சொல்வது பற்றிப் பேச்சே இல்லை. அதனால் நான் நன்றாக இருப்பதாக எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டிருந்தது.

அந்த மையத்தில், கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் அறை இருக்கிறது. வடிகட்டுகிற சவ்வுக்கு ஒரு பக்கம் ரத்தம் ஓட, மறுபக்கம் ஓடுகிற தண்ணீர் என்பதால் அது எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கே வேறு. பெரிய பெரிய நீலத் தொட்டிகள், குழாய்கள், பம்புகள், அவற்றை எல்லாம் ஆட்டிவைக்கச் சுவரில் ஒரு பெட்டி. பெட்டியின் மீது அண்ணி கம்பெனியின் பெயர். முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, "அண்ணி, உங்க பிள்ளை அங்கதான் வேலை பாக்குறான்" என்றேன். அண்ணி தன் வாழ்நாளில் அந்தப் பெட்டி வேலை செய்கிற இடத்தைப் பார்த்ததில்லை. மேசையில் கிடக்கும் பச்சைப் பலகைதான் அவருக்குத் தெரியும். "நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. சனி, ஞாயிறு இடைவெளிக்குப் பிறகு வருகிற முறை எப்போதும் கனமானது. ஞாயிறன்று தாகம் தாங்காமல் நான் அளவுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தேன். படுத்தால் மூச்சு முட்டியது, இரவு முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்தே கழித்திருந்தேன். ஊசி போட்டு உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு போனால், கூடத்தில் ஒரு இயந்திரமும் ஓடவில்லை. எல்லாரும் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் அறையில் பெட்டியின் திரை கறுப்பாகக் கிடந்தது.

ஞாயிறன்று கட்டடத்தில் மின்வேலை நடந்ததாம். பெட்டியை அணைத்து வைத்திருந்தார்கள். காலையில் போட்டால் எழவில்லை. மையத்தைக் கட்டி மேய்க்கிற சிஸ்டர் வியர்த்து விறுவிறுத்து நின்றிருந்தார்.

"பத்து நிமிஷம் பாக்குறேன், ஒண்ணும் வரல. அணைச்சுட்டு மறுபடி போடுறேன். மறுபடி அதே கதை. காலையிலிருந்து இதேதான்" என்றார்.

பெட்டி இல்லாமல் பம்புகளைக் கையால் ஓட்டலாமே என்று ஒருவர் கேட்டார். டாக்டர் அதைக் காதில்கூட வாங்கவில்லை. தண்ணீரின் தரம் தெரியாமல் ஒரு சொட்டும் உள்ளே விட மாட்டேன் என்றார். கம்பெனி ஆள் மாற்றுப் பெட்டியோடு சாயங்காலம்தான் வந்து சேருவார். இன்னொரு ஊர் மையத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இடம் உண்டு, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. டாக்டர் என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு இன்னொரு முறை வைத்துக் கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாதபடி அவர் வைத்துக்கொண்டதுதான் என்னைக் கலக்கியது. ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிவிட்டு, "முதல் ஆளா உங்களைத்தான் அனுப்பணும்" என்றார்.

அண்ணன் வேலையாக வெளியூர் போயிருந்தார். அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, உங்க பிள்ளை எழுந்திரிக்க மாட்டேங்கிறான்."

மறுமுனையில் அரைப்புள்ளி. பிறகு, "உனக்கு மூச்சு வாங்குதே" என்றார்.

"படியேறி வந்தேன்."

அந்த மையத்தில் படியே கிடையாது. அது அண்ணிக்குத் தெரியாது.

வீட்டுச் செருப்போடு, தோளில் மடிக்கணினிப் பையோடு டாக்ஸியில் வந்து இறங்கினார். கூடத்தில் உட்கார்ந்திருந்த எங்களை எல்லாம் ஒரு கணம் நின்று பார்த்தார். அதற்கு முன் அப்படி யாரையும் அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. தன் மேசைப் பலகைக்கு மறுமுனையில் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது போலிருந்தது. என் மூக்கில் குழாயைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். நேராகத் தண்ணீர் அறைக்குள் போனார். ஆக்சிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு நானும் போய் வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிஸ்டர் திட்டினார். நான் நகரவில்லை.

அண்ணியும் முதலில் எல்லாரும் செய்ததையே செய்தார். அணைத்துப் போட்டார். கறுப்பு. வயர்களை அழுத்திப் பார்த்தார். கறுப்பு. மறுபடி அணைத்துப் போட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

"போர்டு போயிருக்கும்" என்றார் மெதுவாக. "மாத்துப் போர்டு வந்தாதான்."

டாக்டர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய வெளியே போனார். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். அதை மறைக்க ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியின் மூடியைத் திருகு கழற்றித் திறந்தார். "யாரும் இதைத் தொடாதீங்க. லைட்டை அணைச்சுடுங்க" என்றார்.

"லைட்டையா?" என்றார் சிஸ்டர்.

"ஆமா, கொஞ்ச நேரம்."

அறை இருண்டது. அண்ணி ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பலகையையே பார்த்தார். நானும் பார்த்தேன். முதலில் எதுவும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகியதும், ஓரத்தில், கடுகளவு மஞ்சள் விளக்கு ஒன்று மினுக்கென்று எரிந்து அணைந்தது. அவ்வளவுதான் என்று தோன்றுகிறபோதே இன்னொரு மினுக். மறுபடி. எல்லா இடைவெளியும் ஒரே அளவு.

"ஐயோ" என்றார் அண்ணி.

"என்னாச்சு?"

"பேசிக்கிட்டிருக்கு, தம்பி. சாகல. பேசிக்கிட்டிருக்கு." அந்த மஞ்சள் விளக்கை விரலால் காட்டினார். "ஒரு எழுத்து சொல்லுது. ஒரு வினாடி காத்திருக்குது. அடுத்த எழுத்து. காலையிலிருந்து இதேதான் பண்ணிக்கிட்டிருக்கு. நான் சொன்னதைத்தான் பண்ணுது."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் மூச்சு முட்டலைக்கூட மறந்தேன். காலையிலிருந்து அந்தப் பெட்டி கேட்க ஆளில்லாத ஒரு வயரின் முன்னால் நின்று, "தயாரா?" என்று கேட்டு, பதில் வராமல் காத்திருந்து, ஒரு எழுத்தை வைத்து, மறுபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சொல்ல வேண்டிய கதை பக்கம் பக்கமாக இருந்திருக்கும். அந்த வேகத்தில் அதைச் சொல்லி முடிக்கப் பொழுது போய்விடும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நாங்கள் அதன் தலையில் தட்டி அணைத்திருக்கிறோம். அதுவும் சலிக்காமல் மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறது.

"இந்த வயர் எங்க போகுது?" என்று அண்ணி கேட்டார். லைட்டைப் போட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாக நடந்தார். அது ஒரு அலமாரிக்குப் பின்னால் போய் முடிந்தது. அங்கே துண்டு போர்த்தி ஒரு சின்ன பிரிண்டர் இருந்தது. பம்பு ஏதாவது தகராறு செய்தால் நேரத்தோடு அச்சடித்துக் கொடுக்கிற, காகிதச் சுருள் போட்ட பிரிண்டர்.

சிஸ்டரின் முகம் மாறியது. "நான்தான் அணைச்சு வச்சேன். போன மாசம் திரையில விரிசல் விழுந்து புதுத் திரை மாத்தினாங்க. அதுக்கப்புறம் பெட்டியைப் போடும்போதெல்லாம் இது கன்னாபின்னான்னு அடிக்க ஆரம்பிச்சுது. ஒரு எழுத்து புரியாது. சுருள் சுருளா பேப்பர் வீண். நோயாளிங்க தூக்கம் கெடுது. பிரிண்டர் பழுதாயிடுச்சு போலன்னு."

"பிரிண்டர் நல்லாதான் இருக்கு, சிஸ்டர். அது ஒரு வேகத்துல கேக்குது, கெர்னல் வேற வேகத்துல பேசியிருக்கு. அதான் உளறல் மாதிரி இருந்திருக்கு." அண்ணி பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு வயரை உருவினார். "ஆனா கெர்னல் ஏன் திரையை விட்டுட்டு இதுகிட்டப் பேசணும்? அதைத்தான் அதுகிட்டயே கேக்கப்போறேன்."

பிரிண்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மடிக்கணினியை மாட்டினார். போன் பேசி முடித்த டாக்டர் வாசலில் வந்து நின்றார். அண்ணி பெட்டியை அணைத்தார். மனசுக்குள் எதையோ சொல்லிக்கொண்டார். போட்டார்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மடை திறந்த வெள்ளமாகக் கொட்டின. காலையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக யாருக்கும் போய்ச் சேராமல் விழுந்தவை எல்லாம் வரிவரியாக ஓடிவந்தன. டாக்டர், சிஸ்டர், நான், மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, தமிழில் வாய்விட்டுச் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் அவரை அத்தனை கவனமாகக் கேட்டதில்லை.

"இதான் முதல் வரி. முழிச்சுட்டேங்குது. இவ்வளவு மெமரி இருக்குங்குது. கடிகாரம் சரியா ஓடுதாம். இதெல்லாம் வாய் கிடைக்கிறதுக்கு முன்னாடி எழுதி வச்சது. இங்க பாருங்க, இப்போ தேடுது. திரையைக் கூப்பிட்டேன், பதில் இல்லைங்குது." விரல் அங்கேயே நின்றது. "ஓ! புதுத் திரை மெதுவா முழிக்கிற ரகம். இது கூப்பிடுற நேரத்துல அது தூங்கிக்கிட்டிருக்கு. செத்துப்போச்சுன்னு எழுதிக்கிச்சு. அடுத்து சீரியல் போர்ட்டைக் கூப்பிட்டேன், இருக்கேன்னு சொல்லிச்சு, இனி இதுதான் என் கன்சோல்ங்குது. பாவம், அதுமேல என்ன தப்பு? இருக்கேன்னு சொன்னது அது ஒண்ணுதான்."

எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. "பம்பு ஒண்ணு, இருக்கு. பம்பு ரெண்டு, இருக்கு. இதோ, திரை இப்பதான் முழிக்குது பாருங்க" என்று அண்ணி சொல்லி முடிப்பதற்குள் சுவரிலிருந்த பெட்டியின் திரை நீலமாக எரிந்தது. தொட்டிகளுக்குப் பின்னால் எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு பம்பு உறுமத் தொடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது. சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். கூடத்தில் யாரோ கை தட்டினார்கள்.

எனக்கு அழுகை வந்தது. பிழைத்துவிட்டேன் என்பதால் மட்டும் இல்லை. இத்தனை பெரிய ஒழுங்கு, இத்தனை பொறுமை, யார் கண்ணிலும் படாமல் அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எழுதியவர் எங்கள் வீட்டில் ஒரு காது கிடைக்கும்வரை குழம்புக் கரண்டியோடு காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

தண்ணீர் தரத்துக்கு வந்ததும் முதல் நாற்காலி எனக்கு. ஊசிகள் ஏறின. ரத்தம் சிவப்புக் கோடாக வெளியே போனது. அண்ணி பிரிண்டரைத் திரும்ப மாட்டி, வேகத்தைச் சரிசெய்து, போர்த்தியிருந்த துண்டை மடித்துச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் மடிக்கணினி. எதையோ அழித்து எழுதினார்.

"என்ன அண்ணி?"

"அந்த விதியை மாத்துறேன். அலுவலகத்துல சோதிச்சுட்டு எல்லாப் பெட்டிக்கும் அனுப்பணும். கொஞ்ச நேரம் கேட்டுப் பாக்கணும். எதிர்முனையில ஆள் இல்லேன்னு தெரிஞ்சா அங்கேயே நிக்கக் கூடாது, வேலையைப் பாக்கப் போயிடணும். உயிர் காத்துக்கிட்டிருக்கும்போது எழுத்தா முக்கியம்?" கொஞ்சம் நிறுத்தினார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தொடர்ந்தார். "ஆனா சொல்ல வேண்டியதை அழிச்சுடக் கூடாது. உள்ள வச்சிருக்கணும். யாராவது வந்தா சொல்லணும்."

மடிக்கணினியை மூடினார். என் கையில் ஊசி இல்லாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மையத்துல படியே இல்லையே, தம்பி."

நான் சிரிக்கப் பார்த்தேன். வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு கிண்டல் வரும். அன்றைக்கு வரவில்லை.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சிஸ்டர் அந்தப் பக்கம் போனார், எதிர் நாற்காலிக்காரர் தொலைக்காட்சியைப் போட்டார், அண்ணியின் செல்போன் பையில் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்கு மட்டும் இல்ல, அண்ணி" என்றேன்.

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கால் வீங்கியதை முதன்முதலில் கடைக் கண்ணாடியில் பார்த்தது, ரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து யாருக்கும் காட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கடையைத் திறந்தது, அம்மா எதிரில் பாட்டுப் பாடிக்கொண்டே மாத்திரை விழுங்கியது, அண்ணன் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டுத் தலையணையில் முகத்தை வைத்து அழுதது, எல்லாம் வந்தது. ஒன்றும் தொலைந்திருக்கவில்லை. எல்லாம் வரிசை மாறாமல் அப்படியே இருந்தது.

இயந்திரம் 'பீப்' என்று அடித்து, நாலு மணி நேரம் முடிந்தது என்றது. சிஸ்டர் ஊசியைக் கழற்ற வந்தார். நான் அப்போதுதான் முதல் வருஷத்தின் பாதிக்கு வந்திருந்தேன். அண்ணி சிஸ்டரைப் பார்த்து, "ஒரு நிமிஷம்" என்று கை காட்டிவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ம், சொல்லு" என்றார்.